அம்மா பாடிய ‘வந்திரு’

எங்கள் வரிசை வீடுகளில் நல்ல செய்தியை யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கேட்போம். பெண் பார்க்க வருகிற செய்தியும் அப்படித்தான், கிளினிக்கில் ரத்தச் சோதனை நன்றாக வந்த செய்தியும் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை நான் தப்பென்று நினைத்ததே இல்லை, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. அம்மாவுக்குச் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை, எனக்கு நீலாய் நகரத்தில் தொழிற்சாலை வேலை. லீவு நாட்களில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வேன். ஸ்டூடியோ என்று வெளியில் பீற்றிக்கொள்வேனே தவிர, அது அம்மாவின் துணி அலமாரிதான். சேலைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். மேலே தகரக் கூரை என்பதால் மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். அம்மா வேலை முடிந்து வந்து, குளித்து, தலையில் சுற்றிய துண்டோடு அலமாரிக்குள் முகத்தை நீட்டிப் பாடுவார். நான் பாடினால் கோழிகூட எழுந்து ஓடும். ஆகவே வீட்டுக்குப் பாடகி அவர்தான்.

‘வந்திரு’ என்ற பாட்டை அம்மாவின் அந்த ஒரு சொல்லுக்காகவே செய்தேன். நான் சின்னப் பிள்ளையாகத் திடலில் விளையாடிக்கொண்டிருந்தபோது, வானம் கறுத்தால் அம்மா வாசலில் நின்று ‘வந்திரு’ என்று கூப்பிடுவார். அதில் கெஞ்சலும் இருக்காது, கோபமும் இருக்காது. கடைசியில் மட்டும் குரல் லேசாக உடையும். அது காதில் விழுந்தால் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். பாட்டிலும் அதே மாதிரி உடையவேண்டும் என்று சொல்லித்தான் பாடவைத்தேன். “இது என்னாடி பாட்டு, புள்ளைய ஏசுற மாதிரி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே பாடினார். அதை இணையத்தில் ஏற்றினேன்.

கோலாலம்பூரில் இருக்கும் ஓர் இசையமைப்பாளர் எனக்குச் சாமி மாதிரி. அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஸ்கூல் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். அந்த மனிதரிடமிருந்து ஒரு சனிக்கிழமை என் போனுக்குக் குரல் செய்தி வந்தது. முதலில் தனியாகக் கேட்போம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. “அம்மா, ஓடி வாம்மா!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அத்தையும் மருமகளும் வந்துவிட்டார்கள். அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் தோளை ஒட்டி நின்றார்.

“வணக்கம்மா. ஒங்க பாட்ட நாலஞ்சு தடவ கேட்டுட்டேன். வீட்டுல பதிவு பண்ணதுன்னு நம்பவே முடியல. ஒங்க வயசுல இப்படி ஒரு மெட்டு எனக்கு வந்ததில்ல, உண்மைய சொல்றேன்.” அத்தை கை தட்டினார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். செய்தி முடியவில்லை. “ஒரே ஒரு கொறதான். பாடுன அம்மா யாருன்னு தெரியல, மன்னிக்கணும். கொரல் முரடா இருக்கு, ‘வந்திரு’ன்னு வர்ற எடத்துல ஒடையுது. நல்ல பாடகி நான் தரேன். கேஎல் வாங்க, சேர்ந்து செய்வோம்.”

தோளில் இருந்த பிடி தளர்ந்தது. முதலில் சிரித்தது அம்மாதான். “நான் அப்பவே சொன்னேன்ல, எனக்குப் பாட்டெல்லாம் வராதுன்னு.” அத்தை என்ன செய்வதென்று தெரியாமல், “கோப்பி போடவா?” என்றார். எனக்குப் போனைத் தூக்கிச் சாக்கடையில் போட வேண்டும் போல் இருந்தது.

முடியாது என்று பதில் எழுதத் தொடங்கினேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். “அவரு சரியாதானே சொல்றாரு. என்னால நீ போகாம நின்னுட்டா, நான் எப்படி ஒம் மூஞ்சில முழிப்பேன்? போயிட்டு வா லா.”

போனேன். அவர் நல்ல மனிதர். ஹெட்போனைத் தானே என் காதில் மாட்டிவிட்டு, “எப்படி இருக்கு, சொல்லுங்க” என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! பாடிய பெண்ணும் தங்கமான பெண். ‘வந்திரு’வை இனிமையாக இழுத்து, கடைசியில் சின்னதாக ஒரு சுழி வைத்துப் பாடினாள். குரல் எங்கேயும் உடையவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் குரல் கூப்பிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கமாட்டேன்.

பாட்டு வானொலியில் வந்தது. அம்மா நாற்றுப் பண்ணை முழுக்க லட்டு கொடுத்தார். “எம் மவ போட்ட பாட்டு” என்று வேலை வாங்குகிற மண்டோரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அரிசி களையும்போதும் மீன் கழுவும்போதும் ஏதாவது ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான். புதுப் பாட்டுக்கு மெட்டு போட்டுக் கூப்பிட்டால், “தொண்ட கட்டியிருக்கு” என்பார். அடுத்த வாரமும் தொண்டை கட்டியிருக்கும். அலமாரிக் கதவைச் சாத்தி, சேலைகளை மடித்து வைத்துவிட்டார். வாய்விட்டுப் பாடுகிற ஒருத்தியை வாயடைக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையாக வரும்.

போன மாதம் ஒருநாள் ஷிப்ட் மாறி மதியமே வீடு திரும்பினேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. பாடிக்கொண்டிருந்தார், அதுவும் ‘வந்திரு’. அம்மா திரும்பி வந்துவிட்டார் என்று அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

அப்புறம்தான் உள்ளே எட்டிப் பார்த்துக் கவனித்தேன். ‘வந்திரு’ என்று இழுத்து, கடைசியில் அந்தப் பெண் வைத்த சுழியை வைக்கப் பார்க்கிறார். குரல் உடைகிறது. நிறுத்துகிறார். அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனில் அந்தப் பெண் பாடியதைப் போட்டுக் கேட்கிறார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரு தடவை குரல் உடையாமல் வந்துவிட்டது. மெல்லிய, யாருடையதோ மாதிரியான குரல்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். பரீட்சை எழுதி முடித்த பிள்ளை போல் முகம் சிவந்தது.

“பாப்பா,” என்றார், “இப்ப சரியா வருதா?”

“வருதும்மா,” என்றேன்.