சிவநாயகி அக்கா கடலோரம் குளிக்கப் போன வெள்ளிக்கிழமை

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சிவநாயகி அக்காவின் மகள் சுஜானி கேட்டாள். பிறந்தது கொக்குவிலில், நோர்வேக்கு வந்தது எண்பத்தேழில் என்ற விவரங்களையெல்லாம் அவளுடைய பெரியம்மா கனகம்மா ஏற்கெனவே எழுதிவிட்டார். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். பாதிப் பேர் தப்பாகச் சொன்னார்கள். கூடப் போனவள் நான் என்பதால் சரியாக எழுதி வைக்கிறேன்.

சிவநாயகி அக்காவை நான் முதலில் பார்த்தது ஓஸ்லோவின் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில். ஆராய்ச்சி வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய குளிர்ச்சட்டை போட்ட ஒரு பெண் எதிரே வந்து நின்று, நான் பேசி முடிக்கும்வரை ஒளிவு மறைவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் இந்தியாவோ?"

"ஆமாங்க."

"ஆமாங்க!" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "படத்தில கதைக்கிற மாதிரிக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் கதையும் பாப்பம்."

அன்று மாலையே அவர் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டேன். அதன் பிறகு எனக்கு ஓஸ்லோவில் தனியாக இருக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆரம்பத்தில் சில வருடங்கள் வடக்கே, கடலோர ஊர் ஒன்றில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அப்படி ஆகிவிட்டது என்பார். பிறகு ஓஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. கணவர் குலேந்திரன் அண்ணா டாக்சி ஓட்டினார். அக்கா பேசியதில் மிச்சம் இருந்தால் அவர் பேசுவார்.

2006ஆம் ஆண்டு சுஜானிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நிதுசன், திராமன் ஊர்ப் பையன். நோர்வேயில் பிறந்து வளர்ந்தவன், கைப்பந்து விளையாடுபவன், வாசல் நிலையில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாதவன். "நோர்வேக்காரற்ற பாலெல்லாம் இவன்தான் குடிச்சு முடிச்சவன்" என்று அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உயரமே பிறகு அவருக்கு வினையானது.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் வலது தோள் இறுகிவிட்டது. கை இடுப்புக்கு மேலே கொஞ்ச தூரம் போகும், அங்கேயே நின்றுவிடும். உறைந்துபோன தோள் என்று வைத்தியர் அதற்குப் பெயர் சொன்னார்.

"வடக்கில பனிக்குள்ள நிண்டு மீன் வெட்டேக்கை உறையாத தோள், ஹவுகெட்டோவில ஹீட்டர் போட்ட வீட்டில உறைஞ்சதாம்!" என்று அக்கா அதற்கும் சிரித்தார்.

சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிதுசன் சாப்பிட வந்திருந்தான். தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்கு அறுகரிசி போட வேண்டும். அறுகம்புல்லும் அரிசியும் கலந்ததை இரு கையாலும் எடுத்து, பாதம், முழங்கால், தோள், தலை என்று மூன்று தரம் தூவி வாழ்த்துவது அவர்கள் வழக்கம். முதலில் போடுவது பெற்றவர்கள். அக்கா வீட்டு வழக்கத்தில் மணமக்கள் நின்றபடிதான் அதை வாங்குவார்கள். அக்கா விளையாட்டாக ஒரு பிடி அரிசியை எடுத்து நிதுசனை நிற்க வைத்துப் பார்த்தார். பாதம் சரி. முழங்கால் சரி. அதற்கு மேலே கை அவனுடைய சட்டைப் பைவரைகூடப் போகவில்லை. அரிசி தரையில் கொட்டியது.

"மாமி, ஸ்லாப் ஆவ்! ஒண்டும் யோசியாதேங்கோ, நான் குனியிறன்" என்றான் நிதுசன்.

"மாப்பிள்ளை மணவறையில குனியிறதோ? வீடியோவில கூனன் மாதிரித் தெரியும். பேசாமல் நிமிந்து நில்லும்."

"இடக் கையால போடுங்கோவன்" என்றாள் சுஜானி.

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து தட்டுக் கழுவப் போய்விட்டாள். நான் சமையலறைக்குப் போனபோது அக்கா குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று வலது கையை இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே பிள்ளை, ஹரி" என்றார் என்னிடம். "எல்லாரும் போடுவினம், பெத்தவள் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறதே?" அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததை அன்றுதான் கேட்டேன்.

வெந்நீரில் நின்று கையை அசைத்துப் பழகினால் நல்லது என்று வைத்தியர் சொன்னார். அக்காவோடு வேலை செய்த நோர்வேப் பெண்கள் உடனே ஸ்ட்ரோம்ஸ்டாட் என்றார்கள். எல்லை தாண்டியதும் சுவீடன் பக்கம் கடலோரமாக இருக்கும் சின்ன ஊர். அந்தக் காலத்திலிருந்தே உடம்பு சரியில்லாதவர்கள் கடல்நீரில் குளிக்கப் போன ஊராம். வெந்நீர்த் தடாகம் இருக்கிறது, நீராவி அறை இருக்கிறது, வெளியே வந்தால் துறைமுகத்தில் இறால் வாங்கிச் சாப்பிடலாம், படகில் தீவுக்குப் போய் வரலாம் என்று அடுக்கினார்கள்.

குலேந்திரன் அண்ணா ஒரே வசனம் சொன்னார். "சுடுதண்ணி வீட்டிலயும் வருது."

"ஸ்ட்ரோம்ஸ்டாட்டில கோழி மலிவு" என்றார் அக்கா.

அண்ணா எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார்.

எல்லைக்கு அப்பால் இறைச்சி மலிவு என்பதும், தலைக்கு இவ்வளவுதான் கொண்டுவரலாம் என்று சுங்கத்தில் அளவு இருப்பதும் ஓஸ்லோத் தமிழர்களுக்குப் பிறந்தநாள் போல மனப்பாடம். ஆகவே வண்டியில் தலைகள் வேண்டும். "ஹரியையும் கூட்டிக்கொண்டு போவம்" என்றார் அண்ணா. "அவ சைவம். அவவின்ர பங்கு சும்மா கிடக்கு." என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு ஆசையாகச் சுற்றுலாவுக்கு அழைத்ததில்லை.

மே மாதம், வெள்ளிக்கிழமை காலை. வண்டியில் ஏறியதும் எனக்கு நல்லெண்ணெய் வாசனை வந்தது. முன் இருக்கையில் அக்கா முகமும் கழுத்தும் பளபளக்க, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எண்ணெய் தேய்ச்சிருக்கீங்களா?"

"வெள்ளிக்கிழமை. முழுக்குக்குப் போறவள் எண்ணெய் வைக்காமல் போறதோ? தோளுக்கு ரெண்டு மடங்கு வைச்சிருக்கிறன். ஊறட்டும். இதுக்குத்தானே அவ்வளவு தூரம் போறம்!"

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பதில் தப்பு என்ன என்றுதான் என் திருச்சி மூளையும் நினைத்தது.

குளியல் வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே மஞ்சள் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு அக்காவை மட்டும் இன்னொரு தரம் பார்த்தாள். அக்காவின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"எண்ணெயா?" என்றாள்.

"நல்ல எண்ணெய்" என்று அக்கா நோர்வேஜிய மொழியில் உறுதி கூறினார்.

அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். தண்ணீரில் இறங்குமுன் உடுப்பு எதுவுமில்லாமல் சவர்க்காரம் போட்டு எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று ஒரு மனித உருவத்தில் சிவப்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் இறங்க முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அசையவும் இல்லை.

பெண்கள் குளிக்கும் அறையில் சுவீடன் நாட்டு மூதாட்டிகள் பிறந்த மேனியாக நின்று வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் காதில், "ஹரி, மேல பாரும், கூரையைப் பாரும்" என்றார். தான் பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு ஷவருக்குக் கீழே போய் நின்றார். அங்கே வைத்திருந்த திரவச் சவர்க்காரம் அந்த நல்லெண்ணெயிடம் ஒன்றும் பலிக்கவில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"அந்த டப்பாவை எடும்."

பையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதற்குள் பயத்தம் மா. வலது கை எழாததால் நான்தான் தேய்த்துவிட்டேன். சிறிது நேரத்தில் அக்கா பச்சை மாவு பூசிய சிலை மாதிரி நின்றார். பேச்சு நின்றுபோய் மூதாட்டிகள் அனைவரும் எங்களையே பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அருகே வந்து டப்பாவை மோந்து பார்த்தார்.

"இது என்ன?"

"பயறு. உடம்புக்கு."

"சாப்பிடலாமா?"

"ஓம், ஓம்" என்றார் அக்கா. அவசரத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது. பிறகு நோர்வேஜிய மொழியில், "சாப்பிடுறது இதில இல்லை, இது குளிச்ச டப்பா" என்று விளக்கினார்.

அந்த மூதாட்டி தயங்காமல் உள்ளங்கையை நீட்டினார். அவர் தேய்த்துப் பார்த்து இன்னொருவருக்குக் காட்ட, அவரும் கையை நீட்டினார். மஞ்சள் சட்டைப் பெண் எட்டிப் பார்த்தபோது மூன்று சுவீடன்காரிகள் பயத்தம் மா பூசி நின்றார்கள். எங்கள் பக்கம் இருந்த நியாயம் அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அக்காவின் கையில் விரலால் தடவிப் பார்த்து, "சுத்தம்" என்றாள்.

தடாகத்தில் குலேந்திரன் அண்ணா எப்போதோ வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மார்பளவு நீரில் நின்றிருந்தார். நீந்தத் தெரியாதவர். பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துப்போனியள் எண்டு நினைச்சன்" என்றார்.

"எண்ணெய் போகேல்லை."

அக்கா படியிறங்கிக் கழுத்தளவு நீரில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைத் தளர விட்டார். வலது கை தானாக மெல்ல எழும்பியது. இடுப்பைத் தாண்டியது. மார்பைத் தாண்டியது. தோள் அளவுக்கு வந்து நீரின் மேல் மிதந்தது.

"இஞ்சருங்கோ!" அந்தக் கூரைக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "தண்ணி என்ர கையைத் தூக்குது! இஞ்சை பாருங்கோ!"

அண்ணா கம்பியை விட்டுவிட்டார். அவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்து வந்து அந்தக் கையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். குளோரின் என்று பிறகு சொன்னார்.

ஆனால் படியேறி வெளியே வந்ததும் கை பழையபடி கீழே விழுந்துவிட்டது. இன்னொரு தரம் இறங்கினால் எழுந்தது, ஏறினால் விழுந்தது.

துறைமுகத்தில் இறால் வாங்கி மரப் பலகையில் உட்கார்ந்தோம். ஒரு கடற்காகம் வந்து அக்காவின் மடியிலிருந்த இறாலைக் கொத்திக்கொண்டு போனபோதுகூடத் திட்டவில்லை. பிறகு, "கனகம்மா அக்கா லில்லெஸ்ட்ரோமில இருந்து வருவா. அறுகரிசியை அவவே முதல்ல போடட்டும்" என்றார். அண்ணா இறாலை உரித்து உரித்து அவர் பக்கத்தில் வைத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

திரும்பும்போது எல்லையில் சுங்க அதிகாரி வண்டியை நிறுத்தினார். கோழிகளை எண்ணிவிட்டு என்னிடம், "இதில் உன்னுடையது எது?" என்றார்.

வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத நான் ஒரு பெட்டியைக் காட்டி, "இதுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். முன் இருக்கையிலிருந்து ஒரு சத்தம். அக்கா துவாயை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஹவுகெட்டோ வரும்வரை அது அடங்கவில்லை. "ஆமாங்க, இதுங்க, கோழிங்க!"

மறுவாரத்திலிருந்து அண்ணா டாக்சி முடிந்து வந்ததும் அக்காவைப் பக்கத்து நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். கேட்டால் சும்மா என்றார். எண்ணெய் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. கல்யாணத்துக்குள் கை கொஞ்சம் இளகியது. தன் தோள் உயரம்வரை வந்தது. நிதுசனுடைய தலை இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று. மணமக்கள் நிமிர்ந்து நின்றார்கள். பெற்றவர்களை ஐயர் கூப்பிட்டார். அக்கா கனகம்மாவைப் பார்த்தார். அதற்குள் அண்ணா அக்காவின் முதுகில் கை வைத்து முன்னே நடத்திவிட்டார்.

பாதம். முழங்கால். நிதுசன் தோள்வரை கை போகாமல் நின்றது. விரலிடுக்கில் அரிசி நழுவத் தொடங்கியது. குலேந்திரன் அண்ணா தன் பங்கு அறுகரிசியைத் தட்டில் திரும்பக் கொட்டினார். அக்காவின் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தார். "சும்மா விடும். நான் தண்ணி எண்டு நினையும்" என்றார்.

கை எழுந்தது, மெதுவாக, அன்று நீரில் எழுந்த அதே மாதிரி. வலித்திருக்கும். அக்காவின் உதடு இறுகியதைப் பார்த்தேன். அரிசி நிதுசனின் தலைப்பாகையில் விழுந்தது. மூன்று தரம். மூன்றாவது தரம் வந்த உற்சாகத்தில் அக்கா வீசிய வேகத்துக்குப் பாதி ஐயர் மேல் விழுந்தது. வீடியோவில் பார்க்கலாம். ஐயர் கண்ணைத் துடைக்கிறார், மாப்பிள்ளை நிமிர்ந்தே நிற்கிறான், அண்ணா மட்டும் அக்காவின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தோள் அடுத்த ஆண்டு முழுதாகச் சரியாகிவிட்டது. அதே கையால் அவர் எனக்கு எத்தனையோ தரம் பின்னல் போட்டுவிட்டார். அவர் போனது வேறு நோயில்.

சென்ற மாதம் வாய்க்கரிசி போடும்போது குலேந்திரன் அண்ணாவின் கை சவப்பெட்டியின் விளிம்புவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நிதுசன் வந்து அவருடைய முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்தான். அத்தனை உயரமானவன், அதற்கு நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. அக்கா பார்த்திருந்தால் நிமிர்ந்து நிற்கச் சொல்லியிருப்பார்.