படியக்காவின் நான்கு ஜன்னல்கள்

எங்கள் தீவின் பழைய கலங்கரை விளக்கத்துக்கு நூற்று அறுபத்து மூன்று படிகள். படகில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கீழே உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பது என் வேலை. அவர்களை உச்சி வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு இறக்கிக் கொண்டுவருவது படியக்காவின் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து கூட்டம், ஐந்து தடவை ஏற்றம். பதினோரு வருஷமாக இதே ஏற்பாடு. அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முழங்கால்கள் இரண்டும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

கோபுரத்துக்குள் நான்கு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் அக்கா நின்று ஒரு கதை சொல்வார். கதை முடிவதற்குள் கால்வலி கொஞ்சம் அடங்கியிருக்கும். அதனால் காலையில் வருகிறவர்களுக்குக் குட்டிக் கதை, கடைசிப் படகில் வருகிறவர்களுக்கு முழ நீளக் கதை. அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு அக்காவின் கைச்சரக்கு என்று யாருக்கும் தெரியாது.

"உங்களுக்கென்னக்கா, காத்து வாங்கிக்கிட்டே கதையளக்குற வேலை. நான் இந்தப் பொட்டிக்குள்ள வேகுறேன்" என்று கேலி செய்வேன்.

"வா தம்பி, மாத்திக்கலாம்" என்பார்.

சிரித்து மழுப்பிவிடுவேன். எனக்கு மூச்சிரைப்பு, படி ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிய சான்றிதழ் ஆபீசில் இருந்தது. மூச்சிரைப்பு என்னைவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சான்றிதழை மட்டும் நான் போகவிடவில்லை.

இந்த வருஷம் புது அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். ஒருநாள் கடைசிக் கூட்டத்தோடு ஏறி இறங்கியவர் அக்காவிடம் சொன்னார்: "உங்க கதையெல்லாம் பதிவு பண்ணி, ஜன்னலுக்கு ஒரு ஸ்பீக்கர் வச்சிடலாம்மா. அப்புறம் நீங்க ஏற வேண்டாம். கீழ உக்காந்து சீட்டுக் குடுங்க. கூட்டத்தோட துணைக்குப் போக யாராவது போதும்."

யாராவது என்றபோது அவர் பார்வை என் மேல் விழுந்தது. கீழே இருப்பது ஒரே நாற்காலி. அந்தப் பதிவு உருப்படாமல் போகட்டும் என்று மனசார நினைத்தேன். நினைத்ததை இப்போது மறைப்பானேன்.

பதிவு நாளன்று அக்கா நேரத்தோடு வந்துவிட்டார். தலையைப் படிய வாரியிருந்தார். முகத்தில் அப்படியொரு ஆசையை நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் அறையில் மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை நீட்டினார்கள்.

"விளக்குக்காரர் சம்சாரம் சிவப்புப் போர்வையைத் துவைச்சுக் காயப்போட்டாங்க. கப்பல்காரன் பாத்தான். ஆபத்துக் கொடின்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டான்."

அவ்வளவுதான் கதை. திரும்பச் சொன்னார். இன்னும் சுருங்கியது.

"உக்காந்தா வரமாட்டேங்குதுங்க" என்றார் அக்கா, தப்பு செய்தவர் போல. "படியில நின்னாத்தான் வாய்க்கு வருது."

சரியென்று கருவியை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நான்கு ஜன்னலிலும் கதை பிரமாதமாக வந்ததாம். மத்தியானம் ஆபீசில் எல்லோரும் கேட்கப் போட்டார் அதிகாரி. பதினோரு வருஷத்தில் அந்தக் கதைகளை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். கீழே இருப்பவனுக்கு மேலே பேசுவது எங்கே கேட்கும்?

கதையைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது. அரை வாக்கியத்துக்கு ஒரு இரைப்பு. பாதியிலேயே விழுங்கிய ஒரு "அம்மா". கப்பல் திரும்புகிற இடத்தில் நீண்ட மௌனம். கேட்கிறவர்கள் அதைச் சுவாரசியம் என்று நினைத்திருப்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், வேறொன்றுமில்லை.

அதிகாரி பாதியில் நிறுத்தினார். "இதைப் போட முடியாதும்மா. கேக்குறவங்களுக்கு மனசு கஷ்டமாயிடும். இப்போதைக்குப் பழையபடியே நடக்கட்டும்."

"சரிங்க" என்றார் அக்கா. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, மூன்றாவது கூட்டத்துக்குப் போனார். நான் நினைத்தபடியே நடந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. இவ்வளவு கேவலமான பிறவியா நான் என்றிருந்தது.

மறுநாள் காலை முதல் படகு வந்ததும், "நீங்க உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஏறினேன். ஜன்னல்களில் நிற்கவில்லை. கதை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உச்சிக்குப் போய்க் காட்டிவிட்டு, எல்லோரையும் இறக்கிக் கூட்டிவந்தேன்.

என்னைக் கண்டதும் அக்கா பதறி எழுந்தார். "மூச்சிரைப்புக்காரனுக்கு எதுக்கு தம்பி இந்த வேலை? மொதல்ல உக்காரு. தண்ணி குடி."

"மூச்சு வாங்கலக்கா" என்றேன். "எனக்கு வாங்கவே இல்ல."

அக்கா என் முகத்தையே பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். அது அமைதியாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.