பூட்டுக்காரர் சொன்ன சாட்சி

பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடையில் இருபது வருஷமாகச் சாவி செய்து வந்தார் பூட்டுக்காரர். குடி கிடையாது, வம்புதும்பு கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த அன்று அதுவே வினையாகிவிட்டது. அவருக்கு முன்னால், தான் மனம் திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொன்ன லாரி டிரைவர் குடி, அடிதடி, ஜெயில் என்று அள்ளிவிட்டுச் சபையையே அழ வைத்திருந்தார். அடுத்து மைக் இவர் கைக்கு வந்தது. எவ்வளவு துழாவியும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பாவம் சிக்கவில்லை.

"நான் திருடனா இருந்தேன்" என்றார். "வீடு வீடா பூட்டைத் திறந்து..."

சபை விம்மியது. பாஸ்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுமுதல் எங்கே கூட்டம் நடந்தாலும் பூட்டுக்காரருக்கு அழைப்பு. மாதாமாதம் அவர் திருடியதாகச் சொன்ன வீடுகள் கூடின. ஒரு நகைக்கடையும் சேர்ந்தது.

"ஆண்டவர் உங்க பாவத்தை அடியோட துடைச்சிட்டார் பிரதர்" என்று எல்லாரும் கைகுலுக்கினார்கள். குலுக்கிய கையோடு தங்கள் சாவியை அடுத்த தெருக் கடைக்குக் கொண்டுபோனார்கள். சபைக் கதவுக்கே வேறு ஆளை வைத்துப் புதுப் பூட்டு போட்டார்கள்.

"பண்ணாத பாவத்துக்கெல்லாம் மன்னிப்பு வாங்கியாச்சு" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "புளுகினதுக்கு எப்போ கேக்கப்போறீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. நேரே பாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

பாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க சாட்சியைக் கேட்டுப் பதினாறு பேர் மனம் திரும்பியிருக்காங்க. இப்போ போய் நல்லவன்னு சொல்றீங்களே?"

"நல்லவன்னு சொல்லல ஐயா. பொய்யன்னு சொல்ல வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லாமலே எழுந்து நின்றார். "நான் யார் வீட்டிலயும் திருடல. பேர் எடுக்கிறதுக்காக உங்ககிட்ட பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க." முதல்முறையாக உண்மையாகவே அழுதார்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. நகைக்கடைத் திருடனை மன்னித்தவர்களுக்குப் புளுகனை மன்னிக்க மனம் வரவில்லை. "விசுவாசத்தை விட்டுப் பின்மாறிட்டாரு, பாவம்" என்றார் ஒருவர். "போலீஸ் பயமா இருக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அழைப்புகள் நின்றன. கடைக்கு ஆட்கள் மெல்லத்தான் திரும்பினார்கள். வந்தவர்களும் வேலை முடிகிறவரை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆண்டவராவது மன்னித்துவிட்டார் என்ற நிம்மதியில் ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிரசங்கம் நீண்டால் தூங்கியும் போனார். அடுத்த ஜெபத்தில் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.