ஜான்சன் வாங்கிய குக்கர்

கல்பாக்கம் போகும் ஸ்டாஃப் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு ஜான்சனுடையது. பதினெட்டு வருஷமாக அணுமின் நிலையத்துக்குள்ளே பம்ப் பார்க்கிற டெக்னீஷியன். ஓடுகிற பம்பில் என்ன கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் அணுபுரம் குவார்ட்டர்ஸில் சொந்த அடுப்படிக்குள் காபி போடக்கூடப் போனதில்லை. அதில் கொஞ்சம் பெருமை வேறு.

போன ஜூனில் அவர் மனைவி ஹெலனுக்குச் செங்கல்பட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. மகளை வளர்ப்பதற்காக எப்போதோ விட்ட வேலை; மகள் இப்போது ஹாஸ்டலில். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். "சோத்துக்கு இன்னா வழி? வேணாம்னு சொல்லிடறேங்க" என்றாராம் ஹெலன். ஜான்சனுக்கு மனசு கேட்கவில்லை. "நீ போம்மே. சோறு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

சொன்னவர் சமையல் கற்றுக்கொண்டிருக்கலாம். அவரோ ஒரு ஸ்மார்ட் குக்கர் வாங்கினார். பஸ்ஸில் எனக்குப் படம் காட்டினார். "எல்லாம் போன்லயே கீது அண்ணாத்த. காலையில அரிசி, பருப்பு, காய் போட்டுட்டு வந்துடுவேன். நாலு மணிக்கு உள்ள இருந்துகினே ஒரு தட்டு. சாம்பார் சாதம் ரெடி!"

நானும் தலையாட்டினேன். திங்கட்கிழமை கேட்டில் இறங்கி, வழக்கம்போல் போனைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். இத்தனை வருஷத்தில் எங்கள் போன் ஒருநாளும் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. குக்கருக்கு இருந்த அறிவு எங்கள் இருவருக்கும் இல்லை.

நாலு மணிக்கு ஜான்சன் சட்டைப் பையைத் தடவினார். டோக்கன்தான் இருந்தது. "போச்சு அண்ணாத்த. நாளைக்கே அவ வேலைய வுட்டுடுவா." எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மீதியை மறுநாள் அவரே சொன்னார். குக்கரைத் திறந்தால், நாளெல்லாம் வெக்கையில் ஊறிக் கிடந்த அரிசியில் புளித்த வாடை. கொட்டிவிட்டு, பரணில் ஏற்றியிருந்த பழைய விசில் குக்கரை இறக்கினார். எத்தனை விசில் என்று ஹெலனைக் கேட்க வெட்கம். அடுப்புப் பக்கத்திலேயே நின்று, பம்பைக் கேட்பதுபோல் காது கொடுத்துக் கேட்டு இறக்கினார். சாதம் குழைந்துவிட்டது, உப்பும் தூக்கல். அடி மட்டும் பிடிக்கவில்லை.

ஹெலன் வந்து உட்கார்ந்ததும் தட்டில் போட்டு நீட்டினார். முதல் வாயிலேயே ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உப்பு ஜாஸ்தியாம்மே?"

"அதில்லைங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து, நான் உக்காந்துகினு இருக்க ஒருத்தர் போட்டுக் குடுத்தது இன்னிக்குத்தான்."

எட்டு மாதமாக ஹெலன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்மார்ட் குக்கர் பரணில் இருக்கிறது. சாயங்கால பஸ்ஸில் ஜான்சன் உட்காருவதே இல்லை. முதல் ஆளாக இறங்க வேண்டுமென்று படிக்கட்டருகே நின்றுகொண்டே வருகிறார். நேற்று நானும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். சாதத்துக்கு எத்தனை விசில் என்று கேட்டேன். எனக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.