ரேச்சல் எழுதிய கேன்டீன்

ராயபுரத்து ரேச்சல் பேராசிரியை ஆனதற்கு ஒரு கேன்டீன்தான் காரணம். இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கருத்தரங்க மேடைகளில் அவளே அப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பி அருள்பிரகாசம் ஐ.டி.ஐ. முடித்த கையோடு, திருவொற்றியூரில் பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். அவன் வேலைக்குப் போனதால்தான் அக்காவால் மேலே படிக்க முடிந்தது. அது வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம்.

அந்த ஃபவுண்டரியில் இரண்டு கேன்டீன்கள் இருந்தன. பர்மனென்ட் தொழிலாளிகளுக்கு மின்விசிறி, எவர்சில்வர் தட்டு, கடைசியில் தயிர். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. தட்டை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இருவரும் ஒரே உலைக்கு முன்னால்தான் வெந்தார்கள்.

2008இல் ஒரு மத்தியானம் சங்கச் செயலாளர் பிராங்கிளின், பர்மனென்ட் ஆட்களைப் பார்த்து, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இதே கேன்டீன் என்று ஆகும்வரை யாரும் சாப்பிடக் கூடாது என்றார். எல்லோரும் சோறு போட்ட தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. இனிமேல் எல்லோருக்கும் ஒரே கேன்டீன்.

அருள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண் கலங்கச் சொன்னான். "எங்களை உள்ள கூப்ட்டு, பக்கத்துல குந்த வெச்சாங்கக்கா. பிராங்கிளின் அண்ணன் அவரு தட்டைத் தூக்கி என்கிட்ட குடுத்தாரு."

முனைவர் பட்டத்துக்கு, நிறுவனங்களில் தலைமையும் பண்பாடும் என்று ஒரு தலைப்பைப் பதிவு செய்துவிட்டு, எங்கே போய் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ரேச்சல் திண்டாடிக்கொண்டிருந்த வருஷம் அது. மறுவாரமே பிராங்கிளினைப் பார்க்கப் போனாள். ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். சிறுமியாக அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது கூட்டத்தில் நின்றவர். அவரும் மறைக்காமல் பேசினார், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"நான் ஒண்ணியும் பண்ல ரேச்சலு. ஒரு வேளை சோறு துன்னாம குந்திக்கினு இருந்தேன். அவ்ளோதான்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் அவளுடைய ஆய்வேடு எழும்பியது. அதிகாரம் இல்லாத ஒருவன் தன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையின் பழக்கத்தையே மாற்றிய கதை. வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது. டெல்லிக்கும் மணிலாவுக்கும் கூப்பிட்டார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் எம்.பி.ஏ. துறையில் வேலை கிடைத்தது. பிறகு பதவி உயர்வு, அப்புறம் பேராசிரியர் பதவி. ஒவ்வொரு புது வகுப்புக்கும் முதல் வாரம் அந்தக் கேன்டீனைத்தான் நடத்துவாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்கே மயிர்க்கூச்செறியும்.

அருளின் வாழ்க்கை வேறு பக்கம் போனது. ஒரே கேன்டீன் வந்த இரண்டு வருஷத்துக்குள் ஃபவுண்டரியில் கான்ட்ராக்ட் கை மாறியது. பழைய ஆட்களை மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். அவன் மூட்டை ஏற்றினான், பிறகு லாரி கிளீனர், பிறகு டிரைவர். இப்போது எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். விம்கோ நகரில் வீடு. அக்காவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததற்குப் பங்கு ஹாலில் பிரியாணி போட்டபோது வந்தான். கடைசிப் பந்தியில் சாப்பிட்டான். போட்டோ எடுக்கத் தேடியபோது ஆள் இல்லை. டிரைவர் வேலை அப்படித்தான் என்று ரேச்சல் நினைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு அவன் வருவதே குறைந்துபோனதற்கும் அதையே காரணமாக வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் பிப்ரவரியில் கல்லூரியில் மேலாண்மை விழா. ஜூனில் ரேச்சலை டீன் ஆக்குவதாக முதல்வர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. பிராங்கிளின் அண்ணன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். ஓய்வு பெற்றபின் அவரே கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் தொழிலில் இறங்கியிருந்தார். ரேச்சல் அவருக்குச் சால்வை போர்த்தி, அவரைப் பற்றி உருக்கமாகப் பேசி மைக்கைக் கொடுத்தாள்.

கேள்வி நேரத்தில் உஸ்மா என்ற மாணவி எழுந்தாள். "சார், அன்னைக்கு எல்லாரையும் வேலையை விட்டுத் தூக்கியிருந்தா? உங்களுக்குப் பயமா இல்லையா?"

பிராங்கிளின் சிரித்தார். "இன்னா பயம்மா? மொத நாளே கம்பெனி பர்சனல் மேனேஜர் ரஷீது சார்கிட்ட பேசி முடிச்சாச்சு. ரெண்டு கேன்டீன் ஓட்றது கம்பெனிக்கே தெண்டமா இருந்துச்சு. ஒண்ணாக்கிடணும்னு அவுங்களே நெனச்சிக்கினு கீறாங்க. பர்மனென்ட் ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்களேன்னு கவலை. அத்த நான் பாத்துக்கறேன் சார், நாங்க கேட்டு நீங்க குடுத்தா மாரி இருக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் சொம்மா முறுக்கிக்கினு இருங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். தலைமைன்னா அதான். இன்னா நடக்கப் போவுதுன்னு தெரிஞ்சிகினு அதுக்கு முன்னாடி போயி நிக்கணும்."

ஹாலே கைதட்டியது. பையன்கள் விசில் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் ரேச்சல் சொன்ன கேன்டீன் கதைக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அவள் மேடை ஓரத்தில் நின்றபடி தானும் கைதட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்த வேண்டும் என்று தோன்றவே சற்று நேரம் ஆனது.

விழா முடிந்து காருக்கு நடக்கும் வழியில் கேட்டாள். "அண்ணே, அப்போ கான்ட்ராக்ட் ஆளுங்க தங்களைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி உங்ககிட்ட மனு குடுத்திருந்தாங்களே. அது?"

"அதுக்குத்தாம்மா இது. அந்த மனுவை மேல அனுப்பாம வெச்சிக்கிறேன், நீங்க கேன்டீனை எங்க சங்கம் ஜெயிச்சா மாரி குடுங்கன்னு பேசினது. ரெண்டும் கேட்டா ரெண்டும் கெடைக்காது."

"எங்க அருளும் அதுல இருந்தான்."

"இருந்தான். யாரு இல்லேன்னா?"

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே அண்ணே. எத்தனை தடவை வந்து உக்காந்து பேசினேன்."

அவர் நின்று அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையிலேயே ஆச்சரியம்தான் இருந்தது. "நீ கேட்டியா? எம் மனசுல இன்னா ஓடிச்சு, எப்டித் தைரியம் வந்துச்சு, இத்தத்தானே கேட்டே. இன்னா குடுத்துட்டு இன்னா வாங்கினேன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? கேட்டிருந்தா சொல்லிருப்பேன். இதுல மறைக்க இன்னா கீது?"

கார் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேச்சலுக்கு அவர் சொன்னதை நம்பாமல் இருக்க வழி ஒன்று வேண்டியிருந்தது. மறுநாள் பழைய வண்ணாரப்பேட்டையில் ரஷீது சாரைத் தேடிப் போனாள். ஓய்வுபெற்று, மகனின் துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். மரியாதையாக உட்கார வைத்து, டீ வரவழைத்தார். எல்லாம் உண்மைதான் என்றார்.

"உங்க கட்டுரை எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு மேடம். ஹெட் ஆபீஸ்ல காமிச்சேன். தொழிலாளர் உறவுக்கு நம்ம யூனிட்தான் முன்மாதிரின்னாங்க. எனக்கு ப்ரமோஷன் வந்ததே அதனாலதான். அப்பவே உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

டீயை அவள் குடித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே விம்கோ நகர் போனாள். அருள் பனியனோடு வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை.

"அருளு, கேன்டீன் விஷயம் முன்னாடியே பேசி வெச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேந்து?"

"அது நடந்து ஒரு மாசத்துல. எல்லாருக்கும் தெரியும்கா. கம்பெனி கேட்டாண்ட சைக்கிள் தொடைக்கிறவனுக்கும் தெரியும்."

ரேச்சலின் குரல் உயர்ந்தது. "நான் அப்போதான எழுதிக்கினு இருந்தேன். உன்கூட ஒரே வூட்லதான இருந்தேன். நீ எனக்குத் துரோகம் பண்ணிட்டே அருளு. ஊரு சிரிச்சிருக்கும். என்னை மட்டும் முட்டாளா ஆக்கிட்டீங்க எல்லாரும்."

அவன் கையைத் துடைத்தான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நானா? நீ தெரிஞ்சுதான் எழுதினேன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

"என்னது?"

"டெய்லி அவரு வூட்டுக்குப் போறே. டேப்பு வெச்சிக்கினு பேசறே. எங்க செட்டுலயும் நாலு பேரைக் கேட்டே, அவரு பக்கத்துல நிக்கறப்போ. அவரு சொல்லிருப்பாரு, உனக்குப் படிப்பு முடியணும், அதான் அத்த வுட்டுட்டு எழுதறேன்னு நெனச்சேன். எங்க மனு எங்க போச்சுன்னு எங்க அக்காவுக்கே வோணாம்னு ஆயிடுச்சுன்னு நெனச்சேன். உன் பட்டத்துக்குப் போட்ட பிரியாணி என் தொண்டையில எறங்கலக்கா."

"பதினஞ்சு வருஷமா அப்படியா நெனச்சிருந்தே? ஒரு வார்த்தை கேக்கலியே."

"இன்னான்னு கேக்கறது? என்னை வித்துட்டியான்னா?"

உள்ளே அவன் மனைவி அடுப்பைச் சிறிதாக்குவது கேட்டது. எனக்குத் தெரியாது அருளு, சத்தியமா தெரியாது என்று ரேச்சல் சொன்னாள். அவன் தலையாட்டினான். நம்பினானா, பேச்சை முடித்துக்கொண்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. பெரிய பெரிய நிறுவனங்களில் ஆட்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புகிறார்கள் என்று எழுதியவள், எதிரில் நிற்கும் தம்பியின் முகத்தைப் படிக்க முடியாமல் நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டாள்.

அடுத்த மாதங்களில் அவள் செய்தது சுலபமாக இருக்கவில்லை. பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியர் போனில் அலுத்துக்கொண்டார். "இவ்வளவு பதற வேண்டாம்மா. பேரம் பேசும் திறன்னு ஒரு தலைப்புக் குடுத்து ரெண்டு பாரா சேர்த்துடு. அதுவும் தலைமைதானே." முதல்வர் அதைவிட வெளிப்படையாகப் பேசினார். தர மதிப்பீட்டுக் குழு கல்லூரியைப் பார்க்க வருகிற வருஷம் இது. கல்லூரியின் பெயர் வெளியே தெரிவதே அந்தக் கட்டுரையால்தான். விளம்பரப் புத்தகத்தில் பிராங்கிளினோடு அவள் நிற்கும் படம் அச்சாகிவிட்டது.

"உங்களை யாருமே கேக்கலையே மேடம்," என்றார் முதல்வர். "நீங்களா எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

அவள் சொன்னாள். ஆய்விதழ் ஒரு மூலையில் சின்னதாகக் குறிப்புப் போட்டது. ஜூனில் டீன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். துறையில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லப் போனார்கள், அவளும் போனாள். இன்னொரு கல்லூரி தன் விழாவுக்குப் பிராங்கிளினை அழைத்து, அந்தக் கேள்வியையே கேட்க வைத்து, அதே பதிலுக்குக் கைதட்டியது. மாதா கோயில் தேர்த் திருவிழாவில் எதிரே வந்தவர், "நல்லா கீறியா ரேச்சலு?" என்றார். நல்லா இருக்கேண்ணே என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பதிலுக்காக அவள் தன்மேல் பட்ட கோபம் பல நாள் ஆறவில்லை.

பிறகு வேலையிழந்த கான்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். சிலர் பேசினார்கள். வெற்றி என்பவர் கதவைத் திறந்துவிட்டு, விஷயத்தைக் கேட்டதும், "இன்னொரு பட்டம் வோணுமா?" என்று கேட்டு உடனே சாத்திவிட்டார். அருளும் கடைசியில் பேசினான். அதையெல்லாம் வைத்து, கேன்டீனுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார்கள் என்று புதிதாக எழுதினாள். அவ்வளவு பெயர் இல்லாத ஒரு சின்ன இதழில் இந்த வருஷம் அது வந்தது.

அந்த இதழை எடுத்துக்கொண்டு விம்கோ நகர் போனாள். பிளஸ் டூ படிக்கும் அருளின் மகள் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னாள். அருள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தச் சொன்னான்.

"தொழிலாளி நம்பர் நாலுன்றாளே, யாரு அது?"

"நீதான்," என்றாள் ரேச்சல். "பேர் போடக் கூடாது அருளு. உங்களைப் பாதுகாக்கறதுக்கு வெச்ச விதி அது."

"எதுலேந்து பாதுகாக்கறாங்க? வேலைதான் அப்பவே போயிடுச்சே." அவன் இதழை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வரி அவனுக்குப் படிக்க வந்தது. "உம்பேரு மட்டும் கீது."

அவன் இதழை மகளிடம் கொடுத்துவிட்டு, எண்ணூரில் லோடு ஏற்ற வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

பெண் தயங்கினாள். "அத்தை, போதுமா? மேல படிக்கவா?"

"படி," என்றாள் ரேச்சல்.