சாயத் தண்ணீரும் அம்மாவின் மனுவும்

எங்கள் அம்மா தென்காசியில் பிறந்து, பத்தொன்பது வயதில் அப்பாவுடன் டெல்லிக்கு வந்தவர். கரோல் பாக்கில் ஒன்றரை அறை மாடி வீடு. அடுத்த ஆண்டே அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மத்திய அரசு வேலை கிடைத்து அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா ஒரு கட்சி, மாமா எதிர்க்கட்சி. எழுபத்தேழில் ஆட்சி மாறியது. இருவரும் வசனங்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், சண்டை நிற்கவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் எங்கள் சந்தின் கைபம்பில் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. பின்தெருச் சாயப் பட்டறையின் கழிவு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. என் தங்கைக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

"பட்டறைய இழுத்து மூடணும்" என்றார் அப்பா.

"மூடினா அங்க வேல பாக்கிறவங்க சோத்துக்கு எங்க போவாங்க, அத்தான்? உங்க கட்சிக்கு ஏழைன்னா ஆகாதே."

மூன்று நாள் இதே பேச்சு. மாநகராட்சிக்கு அனுப்ப வேண்டிய மனு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

நான்காம் நாள் அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டார். அங்கிருந்த சாயத் தொழிலாளியிடம், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று தம் அரைகுறை ஹிந்தியில் கேட்டார்: "பையா, ஆப் கோன்சா பானி பீதா?" அவர் எங்கள் கைபம்பைத்தான் காட்டினார். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அதே தடிப்பு.

வீடு திரும்பியதும் அம்மா இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "மூடவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். சாயத் தண்ணி தெளியத் தொட்டி கட்டணும்னு எழுதுங்க. கட்சிப் பேரு எதுவும் வரக்கூடாது."

அப்பா ஆங்கிலத்தில் எழுதினார். மாமா அதையே ஹிந்தியில் எழுதினார். முதல் கையெழுத்து அம்மாவுடையது, தமிழில். அடுத்தது அந்தத் தொழிலாளியுடையது. பிறகு சந்தின் இரண்டு கட்சிக்காரர்களும் போட்டார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தொட்டி கட்டினார். யாருக்கும் வேலை போகவில்லை. மாநகராட்சி பம்பை ஆழமாக இறக்கித் தந்தது. தெளிந்த தண்ணீர் வந்த அன்று அம்மா பாயசம் வைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தார். பட்டறைக்கு ஒரு தூக்கு தனியாகப் போனது.

சென்ற குளிர்காலத்தில் அம்மா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மாமா கேட்டேவிட்டார்: "அக்கா, இத்தன வருஷமா யாருக்கு ஓட்டுப் போட்ட?"

"ரெண்டு பேருக்கும்தான், மாத்தி மாத்தி" என்று அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

கடைசிவரை அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த சந்துவாசிகளுக்கும், குடும்பத்தோடு வந்து நின்ற அந்தச் சாயத் தொழிலாளிக்கும் எங்கள் வணக்கம். அம்மா போனபின் அப்பாவும் மாமாவும் பல வாரம் அரசியலே பேசவில்லை. நீங்கள் எல்லோரும் வந்து வந்து பேச்சுக் கொடுத்து, அவர்களை மறுபடி சண்டைபோட வைத்தீர்கள். அதற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.