அக்காவின் ஆதார்

பனியன் கம்பெனியில் மெஹ்ஜபினை எல்லோரும் அப்ரோஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்ரோஸ் அவளுடைய அக்கா. மெஹ்ஜபின் பதினாறு வயதில் வேலை கேட்டுப் போனபோது, பதினெட்டு ஆகாதவர்களைச் சேர்க்க முடியாது என்றார்கள். "ஊட்ல பெரியவங்க ஆதார் இருந்தா எடுத்துட்டு வா கண்ணு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் சூப்பர்வைசர் வேல்குமார். அந்த லைனில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். அக்கா நிக்காஹ் ஆகிப் பொங்கலூரில் வீட்டோடு இருந்தாள். கேட்டதும் கொடுத்துவிட்டாள்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. மாற்றப் போனால் பழைய சர்வீஸ் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அக்கா பேரிலேயே ஓடின. போட்டோ மட்டும் இவளுடையது. முப்பதைத் தாண்டியதும் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் என்றானது. ஈ.எஸ்.ஐ.யின் இலவச வைத்தியம் இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பாள்.

ஆனால் முந்திக்கொண்டது அக்கா. மூளையில் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே உயிர் பிரிந்தது. இறப்பைப் பதியக் கவுண்டரில் ஆதார் கேட்டார்கள். ஆதார் இல்லாமலும் பதியலாம் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லையா, சொல்ல வாய் வலித்ததா, ஆண்டவனுக்கே வெளிச்சம். "அது இல்லாம பாடியத் தர முடியாதுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அட்டை மெஹ்ஜபினின் பையில் இருந்தது. அக்காவின் கணவர் கைருதீனுக்கு எல்லாம் தெரியும். "தொலஞ்சு போச்சுன்னு சொல்லிப் பாக்கறேன். இந்த நம்பர்ல சாவப் பதிஞ்சா உனக்கு வைத்தியம் நின்னுரும்" என்றார் மெதுவாக.

"அதுவரைக்கும் அக்காவ இங்கயே போட்டு வெக்கறதா மச்சான்?"

அக்காவின் பெண்கள் இருவரும் அழுது ஓய்ந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மெஹ்ஜபினுக்குச் சாகப் பயம்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் டயாலிசிஸ் மையத்தில், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நம்பரைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். "ஏனுங்க, அப்ரோஸ்ங்கறவங்க இறந்துட்டதாக் காட்டுதுங்களே?"

மெஹ்ஜபின் கம்பெனிக்குப் போன் போட்டு, தன் சொந்தப் பேரைச் சொல்லிக் கெஞ்சினாள். வேல்குமார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மெஹ்ஜபின்னு இங்க யாரும் வேலை பாக்கலீங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள். "நம்பர் தப்புங்களா?"

"நம்பர் சரிதானுங்க" என்றாள் மெஹ்ஜபின். "செத்தது எங்கக்கா."